வடக்கு லைனில் போட்ட கஞ்சி

அடுத்த வருஷம் எவ்வளவு ஆகும் என்று சொல்வது என் வேலையாக இருந்தது. ஆரணியில் பட்டுச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். நூல் என்ன விலைக்கு வரும், சேலை என்ன விலைக்குப் போகும் என்பதைச் சொல்ல வேறு ஆட்கள் இருந்தார்கள். கம்பெனி ஆட்கள் வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போய்வரும் செலவு வரும் ஆண்டில் எவ்வளவு ஏறும் என்பதை நான் சொல்ல வேண்டும். ரயில், விமானம், ஓட்டல் அறை, சாப்பாட்டுப் படி, போன ஊரில் சுற்றும் ஆட்டோ. ஆட்கள் போய்வரும் ஒவ்வொரு வழியையும் லைன் என்போம். கேட்பவர்களுக்குச் சின்ன வேலையாகத் தெரியும். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தக் கணக்கை இப்போது பார்ப்பவர் ரேவதி. சில வாரங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தார். பயணச் செலவை முன்கூட்டிச் சொல்ல ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். நான் எழுதிய மதிப்பீடுகளையும் நிஜமாக ஆன செலவையும் வருஷவாரியாக அதற்கு ஊட்டியிருக்கிறார்கள்.

"சார், மத்த லைன் எல்லாம் ஓரளவு ஒத்துப் போவுது. வடக்கு லைன் மட்டும் நீங்க போட்டது எப்பவுமே ரொம்ப ஜாஸ்தி. செலவானது கம்மி. மிஷின் அத்த தப்பு தப்புன்னு காட்டிகினே இருக்கு. ஏன் சார்?"

"பழைய கணக்கும்மா. அப்பல்லாம் அப்டித்தான்" என்றேன்.

"மிஷினுக்கு அப்டி சொல்ல முடியாதே சார்" என்று சிரித்துவிட்டுக் காபியைக் குடித்தார். பிறகு பேச்சு விமானக் கட்டணத்துக்குப் போயிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலை மாறுகிறது, காலையில் போட்ட கணக்கு மத்தியானம் செல்லாது என்று அலுத்துக்கொண்டார். நான் தலையாட்டினேன். அவர் போன பிறகும் அந்த 'ஏன்' என்னை விடவில்லை. அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் பி.காம். படித்தவன். கல்லூரி முடித்ததும் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கூட்டல் சரிபார்ப்பதிலும் பில் ஒட்டுவதிலும் முதல் சில வருஷங்கள் போயின. மேனேஜர் கோதண்டராமன் சார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நீ இனிமே நடந்தத எழுத வேணாம். நடக்கப் போறத எழுது" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

மதிப்பீடு போடும் முறையை நானே உண்டாக்கிக்கொண்டேன். பொங்கல் முடிந்ததும் ஆரம்பிப்பேன். எங்கள் ஆட்கள் தங்கும் லாட்ஜுகளுக்கெல்லாம் போன் போடுவேன். அடுத்த வருஷம் வாடகை ஏற்றுவீர்களா என்று நேராகக் கேட்டால் எவரும் சொல்ல மாட்டார்கள். கட்டடத்துக்கு வெள்ளையடித்தீர்களா, லிஃப்ட் போடுகிறீர்களாமே என்று கேட்பேன். வெள்ளையடித்தால் கொஞ்சம் ஏறும். லிஃப்ட் வந்தால் நிறைய ஏறும். பெயரை மாற்றி 'ரெசிடென்சி' என்று பலகை வைத்துவிட்டால் எங்கள் ஆளுக்கு வேறு லாட்ஜ் தேட வேண்டியதுதான். பிறகு பஞ்சாங்கம். முகூர்த்த நாளில் அறை வாடகை இரட்டிப்பாகும். நம் ஊர்ப் பஞ்சாங்கம் வடக்கே உதவாது. தீபாவளி முடிந்த கொஞ்ச நாளில் அங்கே கல்யாணக் காலம் தொடங்கிவிடும். ஆகவே மேசையில் இரண்டு பஞ்சாங்கம் வைத்திருந்தேன். கிறிஸ்தவன் மேசையில் இரண்டு பஞ்சாங்கமா என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். ஜி.எஸ்.டி. வந்த பிறகு அறைக்குத் தனியே வரி சேர்க்க வேண்டியிருந்தது. டீசல் விலையைப் பார்த்து ஆட்டோவை ஏற்றுவேன். இத்தனையும் சேர்த்தால் வருவது நேர்மையான தொகை. அதன் மேல் கஞ்சி போடுவேன்.

கஞ்சி என்பது எனக்கும் கோதண்டராமன் சாருக்கும் இடையில் மட்டும் புழங்கிய சொல். கஞ்சி போட்ட துணி கடையில் விறைப்பாக, கனமாக நிற்கும். முதல் தண்ணீர் பட்டதும் தொய்ந்துவிடும். மதிப்பீட்டில் தேவைக்கு மேல் சேர்த்து எழுதுவதை அப்படிச் சொல்வோம். காரணம் கோதண்டராமன் சார். எந்த மதிப்பீட்டைக் கொண்டுபோனாலும் வெட்டாமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார். நின்றுகொண்டேதான் படிப்பார். நீலப் பென்சில் காதில் இருக்கும். ஒரு கேள்வி கேட்க மாட்டார். கடைசி வரி வரை படித்துவிட்டுப் பென்சிலை எடுப்பார்.

"இன்னா ஞானமுத்து, இந்த வருஷம் கஞ்சி தூக்கலா இருக்கே."

"விலைவாசி சார்."

"நாக்பூர்ல உன் லாட்ஜ்காரன் இன்னா அரமனையா கட்டிகினு இருக்கான்?"

வடக்கு லைனுக்கு எதிரே நீலப் பென்சில் குறுக்கே போகும். மீதி இருக்கும் தொகை நான் முதலில் போட்ட நேர்மையான தொகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அவர் வெட்டுவார் என்று எனக்குத் தெரியும். வெட்டுக்கு இடம் வைத்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். எங்கள் இருவர் தலையில் மட்டும் இருந்த இந்த ஏற்பாட்டால் வருஷா வருஷம் கணக்கு சரியாக வந்தது.

வெட்டு ஏன் வடக்கு லைனில் விழும் என்பதையும் சொல்ல வேண்டும். கஞ்சியை எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் போட முடியாது. முதலாளி குடும்பத்தார் விமானத்தில் போய்வரும் செலவில் போட்டால், தங்கள் பெயருக்கு எதிரே பெரிய தொகை நிற்பதைக் கண்டு முகம் சுளிப்பார்கள். பெங்களூரிலும் விஜயவாடாவிலும் ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் உண்டு, கண்டுபிடித்துவிடுவார்கள். நாக்பூர், ராய்ப்பூர், பிலாய், ஜாம்ஷெட்பூர் என்று போகும் வடக்கு லைனில் ஒரு அறைக்கு என்ன வாடகை என்று ஆரணியில் யாருக்குத் தெரியும்? எல்லா லைனுக்குமான கஞ்சியையும் அந்த ஒரு லைனின் தலையில்தான் கட்டினேன். காகிதத்தில் வடக்கு லைன் எப்போதும் கம்பெனியிலேயே பெருஞ்செலவு பிடித்த லைனாக நின்றது.

அந்த லைனுக்குப் போனவர் தனசேகர். நெசவுக் குடும்பத்துப் பையன். தறியில் உட்கார முடியாதபடி முதுகு கெட்டதால் விற்பனைப் பிரதிநிதி வேலைக்கு வந்தவர். காட்பாடியில் ரயில் ஏறினால் திரும்பி வர மூன்று வாரம் ஆகும். இரும்பு ஆலைகளுக்கு வேலைக்குப் போய் அங்கேயே குடியேறிய தமிழர்களும் தெலுங்கர்களும் வைத்திருந்த கடைகளில் சேலை காட்டி ஆர்டர் வாங்கி வருவார். இந்தியும் தெலுங்கும் பேசுவார். அவருடைய பில்களைப் பார்ப்பது எனக்கு இளைப்பாறுதல். அடித்தல் திருத்தல் இருக்காது. லாட்ஜில் வெந்நீருக்குத் தனியே வாங்கியதை எழுதி, பக்கத்தில் 'குளிர் அதிகம்' என்று காரணம் எழுதியிருப்பார்.

கொரோனாவில் கோதண்டராமன் சார் போய்விட்டார். முதலாளிக்கும் உடம்பு முடியாமல் போய், மகன் பொறுப்புக்கு வந்தார். சின்னவர் என்போம். வெளிநாட்டில் படித்தவர், மரியாதை தெரிந்தவர். நின்றுபோன ரயில்கள் திரும்பவும் ஓட ஆரம்பித்து, இழுத்து மூடிய லாட்ஜுகள் திறந்தபோது வாடகையெல்லாம் எகிறிக் கிடந்தது. லாட்ஜ்காரர்கள் நஷ்டத்தை ஒரே வருஷத்தில் எடுத்துவிடப் பார்த்தார்கள். சின்னவர் வரும் ஆண்டுக்கு லைன்வாரியாக மதிப்பீடு கேட்டார். நான் ஓய்வு வயதைத் தாண்டி நீட்டிப்பில் இருந்தேன். வழக்கம்போல லாட்ஜுகளுக்குப் போன் போட்டேன், பஞ்சாங்கம் பார்த்தேன், நேர்மையான தொகையைப் போட்டேன். வழக்கம்போலக் கஞ்சியும் போட்டேன். காலம் நிச்சயமில்லாமல் இருந்ததால் சற்றுக் கூடுதலாகவே போட்டேன். வெட்டுகிற கை இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. மேலதிகாரி என்றால் வெட்டுவார் என்று நம்பினேன். அதைத் தவிர வேறு மேலதிகாரியை நான் பார்த்ததில்லை.

கூட்டம் மாடி அறையில் நடந்தது. என் தொகைகள் திரையில் வண்ணத் தூண்களாக நின்றன. வடக்கு லைனின் தூண் மற்றதையெல்லாம் தாண்டி உயர்ந்திருந்தது.

"இது ஞானமுத்து சார் போட்ட எஸ்டிமேட்" என்றார் சின்னவர். "நான் பழசெல்லாம் எடுத்துப் பாத்தேன். இவர் சொன்னத தாண்டி கம்பெனி ஒரு வருஷம்கூட செலவு பண்ணதில்ல. அதனால இதுல நான் ஒரு பைசா கை வைக்கல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். கை வைக்காமல் விட்டதை அவர் எனக்குச் செய்யும் மரியாதையாக நினைத்தார். உள்ளபடி அது மரியாதைதான்.

"வடக்கு லைன பாருங்க. ஆர்டர்ல வர்ற லாபம் போக்குவரத்துக்கே போயிடும். இத நிறுத்திடலாம்னு இருக்கேன். வீடியோ கால்ல சேலைய காட்டலாம், கூரியர்ல அனுப்பலாம். நீங்க என்ன சொல்றீங்க சார்? நம்பர் கரெக்டுதானே?"

இந்த இடத்தைப் பல வருஷமாகத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். சார், அந்தத் தூணில் பாதி கஞ்சி, மற்ற லைன்களின் கஞ்சியும் அதில்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிஷப் பேச்சு. சொன்னால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்காது. சின்னவர் சிரித்திருக்கக்கூடும். ஆனால் ஒரு கணம் முன்புதான் கை தட்டியிருந்தார்கள். பயந்தேன் என்று எழுதினால் அது எனக்குச் சாதகமாகிவிடும். பயமில்லை. கூச்சம். இத்தனை வருஷம் நான் எழுதிய எல்லாத் தொகையும் யாரோ வெட்டித்தான் சரியாயிற்று என்பது அந்த அறையில் தெரிந்துவிடும் என்ற கூச்சம்.

"கரெக்டுதான் சார்" என்றேன்.

முடிவு நடைமுறைக்கு வர ஒரு மாதம் இருந்தது. ஒரு நாள் சின்னவர் அறைக் கதவு வரை போனேன். உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். வரும்போது மனதுக்கு நிம்மதியாக இருந்ததை இன்று எழுத வெட்கமாக இருக்கிறது.

தனசேகர் கணக்குப் பிரிவுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"சார், நெசமாவே அவ்ளோ ஆவுதா?"

"எல்லாம் ஏறிடுச்சிப்பா. டிக்கெட்டு, ரூமு, எல்லாந்தான்."

"என் பில்லெல்லாம் நீங்கதான பாத்தீங்க. எதுனா ஜாஸ்தியா போட்டு இருந்தா சொல்லிடுங்க சார். நான் கட்டிட்றேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உன் தப்பு எதுவும் இல்ல, போ" என்றேன். யார் தப்பு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவரைக் கோடவுனில் சேலை மடிக்கும் வேலைக்குப் போட்டார்கள். படி கிடையாது, சம்பளமும் குறைந்தது. கூட்டத்தில் பார்த்த தூணைப் பற்றி ஆபீஸ் முழுக்கப் பேச்சு பரவியிருந்தது. பேக்கிங் பிரிவில் சம்பத் என்று ஒருவர், வாய் சும்மா இருக்காது.

"வா மாப்ள, வா. வடக்க ஏசி ரூம்ல காலாட்டிகினு இருந்தியே, கம்பெனி தாங்குமா? இங்க கோடவுன் காத்து நல்லாத்தான் இருக்கும், ஜல்தி மடி."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தனசேகரும் சிரித்தார். கோடவுனுக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான். எனக்கு எல்லாம் கேட்டது. நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஊரிலும் அதே பேச்சாயிற்று. தனசேகர் செலவாளி, அவன் ஆட்டம் தாங்காமல்தான் லைனையே மூடினார்கள் என்றார்கள். சில மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டு, மனைவியின் ஊரான வந்தவாசிக்குக் குடிபோனதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த ஆண்டு முடிவில் செலவு என் மதிப்பீட்டுக்கு வெகு கீழே நின்றது. சின்னவர் எல்லோர் எதிரிலும் நன்றி சொன்னார். அடுத்த ஆண்டு எனக்குப் பொன்னாடை போர்த்தி ஓய்வுக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையார் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் விட்டதை ஒப்புக்கொள்ளும் வரி அதில் உண்டு. வாரா வாரம் சொல்லியிருக்கிறேன். எல்லோரோடும் சேர்ந்து சொல்வதில் ஒரு சௌகரியம், யாருக்குச் செய்யவில்லை என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. ரேவதி வந்து கேட்டுப்போன அந்த வாரம் அந்த வரியைச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் வந்தவாசிக்குப் பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தனசேகர் வரவேற்பில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வாழ்நாளெல்லாம் லாட்ஜ் மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற மனிதர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"ஆதார் கார்டு குடுங்க" என்றவர், நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்துகொண்டார். "சார், நீங்களா. இன்னா சார் இந்தப் பக்கம், கல்யாணமா?"

"உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

வரவேற்பறையில் ஆளில்லை. சோபாவில் உட்கார வைத்தார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. கஞ்சி, நீலப் பென்சில், வடக்கு லைனின் தலையில் கட்டியது, மாடி அறையில் 'கரெக்டுதான்' என்றது, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். முடித்ததும் தனசேகர் ஒன்று கேட்டார்.

"கோதண்டராமன் சார் இருந்திருந்தா வெட்டியிருப்பாரா?"

"வெட்டியிருப்பார்."

"அப்ப லைன் ஓடிகினு இருந்திருக்கும்."

"ஆமாம்."

எழுந்துபோய், சாவி மாட்டும் பலகையில் கோணலாகத் தொங்கிய ஒரு சாவியை நேராக்கினார்.

"ராய்ப்பூர்ல ரெண்டு தபா ஏசி ரூம் எடுத்தேன் சார். செம வெயிலு, மூக்குல ரத்தமே வந்துச்சி. சம்பத்து ஏசி ரூமுன்னானா, அதாலதான் எல்லாம் போச்சின்னு நெனச்சிகினு இருந்தேன். ரெண்டு தபா. வீட்லயும் அப்டித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கோபமாக இல்லை. அறை இல்லை என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல இருந்தது.

"எங்கிட்ட சொன்னத வீட்ல வந்து சொல்லுங்க சார். ரெண்டு தெரு தள்ளித்தான். நான் சொன்னா எடுபடாது."

அவர் மனைவி வசந்தா வாசல் நடையில் உட்கார்ந்து, இட்லி மாவை அளந்து கவரில் ஊற்றிக்கொண்டிருந்தார். கடைகளுக்குப் போடுகிறாராம். தனசேகர் என்னைக் கம்பெனி சார் என்று சொன்னதும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க சார். இத்தினி வருஷம் கழிச்சி வந்துகீறீங்களே, எங்க ஏசி ரூம்காரரு எதுனா பில்லு மறந்துட்டு வந்துட்டாரா?"

கேலியாகத்தான் சொன்னார். தனசேகரும் பழகிய கேலிக்குச் சிரிப்பதுபோலச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். கோடவுன் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

மதிப்பீடு என்றால் என்ன என்று அந்த அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று தடுமாறினேன். பிறகு தெரிந்த சொல்லில் சொன்னேன். "உங்க வீட்டுக்காரர் செலவு பண்ணலம்மா. யாரும் பண்ணாத செலவ நான் அவர் போற லைன் பேர்ல எழுதினேன். அது நெசம்னு நம்பித்தான் லைன மூடினாங்க. நான் அப்ப வாயத் தொறக்கல." முழு உத்தியோக வாழ்க்கையும் இத்தனை சின்னதாக ஆகிவிட்டதே என்று தோன்றியது.

"லைன் பேர்லயா, இவரு பேர்லயா?"

"லைன் பேர்ல."

"ரெண்டும் ஒண்ணுதான சார்."

"ஆமாம்மா."

"அப்ப அந்த ஏசி ரூமு?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த பில்ல நான்தான் பாஸ் பண்ணேன். நியாயமான பில்லு."

அவர் கீழே உட்கார்ந்தார். கரண்டியை எடுத்தார், மாவை அள்ளவில்லை. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"இவரு ஒரு டீ குடிச்சிட்டு வந்தாகூட கேப்பேன் சார்" என்றார் மெதுவாக. "பழய ஞாபகத்துல செலவு பண்றியான்னு கேப்பேன். பேரச் சொல்லி கூப்ட்டதே இல்ல, ஏசி ரூம்காரரேன்னுதான். பசங்க எதிர்ல. பொண்ணு கல்யாணத்துல சம்மந்தி எதிர்லகூட."

"விடு வசந்தா" என்றார் தனசேகர்.

"கோயிலுக்குப் போலாம்னு இவரு கூப்ட்டா, ஊரு சுத்தனது போதாதான்னு கேப்பேன். அதோட கூப்புட்றதையே வுட்டுட்டாரு."

"விடுன்னு சொல்றேன்ல."

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க பஸ் புடிச்சி வந்து சொல்லிட்டீங்க சார். ஒங்களுக்கு பாரம் எறங்கிடும். நான் இத்தினி வருஷம் ஏசினத நான் எங்க போய் சொல்றது?"

அதைக் கேட்க வேண்டிய மனிதர் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்ப வசந்தாவால் முடியவில்லை.